அத்தான் பலகைக்குப் பாய் கட்டினார்

எங்கள் கடையில் தயாராகும் பேனர்களில் மனிதர்களின் முகம் அவர்கள் வீட்டு வாசற்கதவைவிடப் பெரிதாக இருக்கும். முகத்தை அச்சடிப்பது அக்கா. முகத்துக்குக் கீழே வரும் அடைமொழிகளை எழுதிக் கொடுப்பது நான். அந்த முகத்தை ஊர் அண்ணாந்து பார்க்கும்படி உயரத்தில் ஏற்றிக் கட்டுவது அத்தான். அதாவது, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் வணிகர் சங்கத் தலைவருக்கு ஒரு பேனர் கட்டினோம். அவர் எப்போது தலைவரானார் என்று யாருக்கும் நினைவில்லை. தேர்தல் என்று ஒன்று நடந்ததாகவும் நினைவில்லை. தன் பெயருக்கு முன்னால் ‘நிரந்தரத் தலைவர்’ என்று போடச் சொன்னார், போட்டோம். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயரே ‘நிரந்தரம்’ என்றாகிவிட்டது. “நிரந்தரம் இப்பதான் டீ குடிச்சிட்டுப் போறார்” என்பார்கள். அவர் காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பேனர் சங்கக் கட்டிடத்தின் முகப்பையே மறைக்கிற அளவு. பாதி கட்டியிருக்கும்போது காற்று எழுந்தது. மற்ற ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். அத்தான் விடவில்லை. கீழே நிரந்தரம் நின்றுகொண்டு, “விடாதீங்க! விடாதீங்க! முகம் சேத்துல விழுந்துடும்!” என்று கத்திக்கொண்டிருந்தார். யாருடைய முகம் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. காற்று பேனரைத் தூக்கியது, பேனர் அத்தானைத் தூக்கியது. ஏணி மட்டும் புத்திசாலித்தனமாக இருந்த இடத்திலேயே நின்றது. அத்தான் போய் இறங்கிய இடம் சங்க வாசலில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள்.

ஒரு காலும் ஒரு தோள் எலும்பும் போயின. நிரந்தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் ஒரு வாழ்த்துப் பேனரோடு. ‘விரைவில் நலம் பெற வாழ்த்தும்’ என்பதற்குக் கீழே அவர் முகம் முழு அகலத்துக்கு. நோயாளியின் முகம் ஓரத்தில், தபால்தலை அளவில். அச்சடித்தது நாங்கள்தான். வேலை என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

கால் கூடிவிட்டது. தோளும் கூடிவிட்டது. ஆனால் அக்கா அவரை ஏணிப் பக்கம் விடவில்லை. வெளியாட்களை வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். அத்தான் கடைக்குள் உட்கார்ந்து பேனர் ஓரங்களில் கயிறு கோர்க்கும் வளையங்களை அடித்துக்கொண்டிருந்தார். வெளியாட்கள் கட்டிவிட்டுப் போனதும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்க் கழுத்தைச் சாய்த்து நின்று பார்ப்பார். திரும்பி வந்து, “வலது பக்கம் தொங்குது” என்பார். சாப்பிடும்போதும் அதையே சொல்லுவார். தூக்கத்தில்கூடச் சொன்னதாக அக்கா சொல்கிறாள்.

“நான் எப்ப ஏணி ஏறலாம்?” என்று தினமும் ஒரு முறை கேட்பார், மழை வருமா என்று கேட்கிற குரலில்.

“கால் சரியாயிடுச்சு. தோள் சரியாயிடுச்சு. கை இன்னும் சரியாகலைங்க.”

“கையில அடியே படலையேடி!”

“அதான் சொல்றேன். விடத் தெரியாத கை. அது எப்ப சரியாகுதோ அப்ப ஏறுங்க.”

அத்தான் தன் கைகளைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு வளையம் அடிக்கப் போய்விடுவார். சுத்தியல் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவர் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த நிலையில்தான் அக்கா மகள் ஒரு விடுமுறை நாளில் தன் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. வேலைக்குப் போவதும் வருவதும் அந்தப் பலகை மேல்தான். அதனால் வீட்டில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். துணி வெட்டுகிற நீள மேஜையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டாள்.

“மாமா, கொஞ்சம் துணி வேணும். ஒரு அலுமினியக் குழாய் வேணும். இதுக்குப் பாய் கட்டப் போறேன்.”

“பாயா? எதுக்கு, தூங்குறதுக்கா?” என்றேன்.

“கப்பல்ல கட்டுற பாய் மாமா. காத்து தள்ளும், பலகை ஓடும். காலால உந்தவே வேணாம்.”

சுத்தியல் சத்தம் நின்றது. அத்தான் எழுந்து வந்தார். அதுவரை காற்று என்றால் எங்கள் தொழிலுக்கு எதிரி. அது தள்ளவும் செய்யும், தள்ளினால் நல்லதும் நடக்கும் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

“பாய்மரம் எங்கம்மா நட்டுவே?” என்றார்.

“முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஓட்டை போட்டு, அடியில ஒரு ரப்பர் மூட்டு வைக்கணும்ப்பா. மரம் எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயும். நடுவுல குறுக்க ஒரு குழாய். அதை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கணும். காத்து அதிகமாச்சுன்னா விட்டுடணும். விட்டா பாய் அப்படியே தரையில படுத்துடும், பலகை நின்னுடும். இதுக்கு வேற பிரேக்கே கிடையாது. விடுறதுதான் பிரேக்.”

அச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் தலை எழும்பியது.

“என்னடி சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

“விடுறதுதான் பிரேக்கும்மா.”

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் பலகையைப் பார்த்தார்.

“சரி” என்றாள் அக்கா. “இதுல ஏறுங்க. காத்து இழுக்கறப்ப நீங்க விடுறதை நான் என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டேன்னா அடுத்த பேனர் நீங்கதான் கட்டுறீங்க. இல்லைன்னா ஏணியை வித்துடுறேன்.”

பலகை மகளுடையது என்பதை அதற்குப் பிறகு யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

அத்தான் பலகைக்குச் செய்த உபசாரம் எங்கள் வீட்டு மனிதர்கள் யாருக்கும் கிடைத்ததில்லை. சின்னதும் கெட்டியுமாக இருந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சிறு கல் தட்டினாலும் குலுங்காத பெரிய மெத்துச் சக்கரங்களை மகள் வாங்கி வந்தாள். பெரிய சக்கரம் திரும்பும்போது பலகையில் உரசியது. அத்தான் சக்கர அச்சுக்கும் பலகைக்கும் நடுவே கட்டை செதுக்கி வைத்தார். பலகை இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. அச்சின் நடுத் திருகை இறுக்கி அதைக் கொஞ்சம் அடக்க ஒடுக்கமாக ஆக்கினார். பழைய மோட்டார் சைக்கிளில் என்ஜினைத் தாங்குகிற ரப்பர் ஒன்று மூட்டாக வந்து உட்கார்ந்தது. பேனர் கட்டுகிற குழாய்களில் மிக லேசானதைத் தேடி எடுத்து மரமாக்கினார். நிமிர்த்திப் பார்த்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றும் பார்த்தார்.

“எப்படி இருக்கு அத்தான்?”

“வலது பக்கம் சாயுது மாப்ளே.”

“எந்தப் பக்கமும் சாயணும்னுதானே மூட்டு வச்சிருக்கு?”

“சாயலாம். தொங்கக் கூடாது.”

துணிக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நிரந்தரம் திருப்பி அனுப்பிய துணிப் பேனர் ஒன்று பரணில் கிடந்தது. தன் மீசை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது அவர் புகார். மீசை உண்மையிலேயே தாழ்ந்துதான் இருக்கிறது. அச்சு இயந்திரத்துக்கு முகத்தாட்சண்யம் தெரியாது. அக்கா அதை முக்கோணமாக வெட்டி, ஓரங்களை மடித்து இரட்டைத் தையல் போட்டாள். வெட்டியதில் ஒரு கண்ணும், மூக்கும், தாழ்ந்த பக்கத்து மீசையும் தப்பின.

ஓட்டிப் பார்க்கச் சிமெண்டுத் தரை வேண்டும். ஊரில் அப்படிப்பட்ட இடம் சங்கத்துக் கிடங்குக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற மைதானம் ஒன்றுதான். அனுமதி கேட்கப் போனேன். நிரந்தரம் உடனே தந்தார். ஒரே நிபந்தனை, திறப்புவிழா அவருடையது.

“திறக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே தலைவரே, வெறும் பலகைதானே” என்றேன்.

“எதையும் திறக்கலாம் தம்பி. மனசு இருந்தா போதும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுக்குப் பொருத்தமா பேருக்கு முன்னாடி ஏதாச்சும் புதுசாப் போடுங்களேன்” என்றார். ‘காற்றின் காவலர்’ என்று கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார்.

குறித்த நாளில் வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மைதானத்தின் ஒரு பக்கம் நீளக் கிடங்கு. அது முடிகிற இடத்தில், அதற்கும் பக்கத்துக் கட்டிடத்துக்கும் நடுவே ஒரு சந்து. மைதானத்தின் கடைசியில் காலி அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். ரிப்பன் கட்டியிருந்தது, மைக் இருந்தது, பொதுமக்கள் மட்டும் வரவில்லை. நிரந்தரம் அதற்கெல்லாம் அசருகிறவர் அல்ல. எங்கள் நான்கு பேரையும் பார்த்து, “கடல்போல் திரண்டிருக்கும் பெருமக்களே” என்று ஆரம்பித்தார். “நமது ஊருக்குக் கடல் இல்லையே என்ற குறையை நமது சங்கம் இன்று தீர்த்து வைக்கிறது” என்று முடித்தார். நடுவில் சொன்னவற்றைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. ரிப்பனை வெட்டினார்.

முழங்காலிலும் முழங்கையிலும் கவசம் கட்டி, தலைக்கவசம் மாட்டிய அத்தான் பலகை மேல் ஏறினார். பாயை நிமிர்த்திக் குறுக்குக் குழாயைப் பிடித்தார். பாய் புடைத்தது. பலகை ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. பாயிலிருந்து, பல் விழுந்தவர் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“போகலாமே” என்றார் நிரந்தரம், மைக்கில்.

மகள் அருகே போனாள். பாயின் நடுவில் விரலை விட்டாள். விரல் மறுபக்கம் வந்தது. “அப்பா, இது என்னப்பா?”

பாய் முழுக்க, அளந்து வைத்ததுபோல், வரிசை வரிசையாக அரைவட்டக் கீறல்கள். பெரிய பேனர்களில் நாங்கள் வழக்கமாகப் போடுபவை. காற்று அதன் வழியே போய்விடும், துணி கிழியாது.

அத்தான் அக்காவைப் பார்த்தார். “உன் வேலைதானே? நான் ஏறக் கூடாதுன்னுதானே இப்படிப் பண்ணியிருக்கே?”

“என் வேலையா?” அக்கா இடுப்பில் கை வைத்தாள். “வளைவு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. நம்ம கடையில இடது கையால வெட்டுற மகராசன் யாரு? அச்சு மிஷினா?”

அத்தான் பார்த்தார். இடதுகைக்காரரின் வளைவு, சந்தேகமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் என்னோடு பேசிக்கொண்டே பாயை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தது எனக்கும் நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. மடித்து வைத்த அக்காவுக்கும் தெரியவில்லை. வேனில் ஏற்றியவர்களுக்கும் தெரியவில்லை. கீறல் இல்லாத துணி எங்கள் கண்ணுக்குப் பொத்தான் இல்லாத சட்டைபோலத்தான் இருக்கும். கீறல் இருந்ததால் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

“கை அதுவா வெட்டியிருக்குடி” என்றார் அத்தான், சன்னக் குரலில்.

“உங்க கை பண்றதெல்லாம் அதுவாத்தான் பண்ணுது.”

ஒட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. நிரந்தரத்திடம் இருந்தது. பொதுமக்களுக்குக் கொடுக்க என்று தன் முகம் அச்சிட்ட வட்ட ஸ்டிக்கர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கீறலுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக ஒட்டினோம். பெரிய முகம் முழுக்கச் சின்ன முகங்கள். அம்மை போட்ட மாதிரி இருந்தது. “சங்கத்தின் பங்களிப்பு” என்று மைக்கில் அறிவித்தார் அவர்.

இந்த முறை பாய் புடைத்ததும் பலகை கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு நம்ப முடியாத சத்தமின்மையோடு. அத்தான் முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்து நின்றார். ஒரு வருஷமாக நான் அவர் முகத்தில் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. பல்லெல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரி. “மாப்ளே, தள்ளுதுடா!” என்று கத்தினார்.

கிடங்கு முடிந்து சந்து வந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் பாய்ந்தது.

“அப்பா, விடுங்க!” என்றாள் மகள்.

“விடாதீங்க! போட்டோ எடுக்கணும்!” என்றார் நிரந்தரம்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தத் தடம் மறுநாள் வரைக்கும் இருந்தது.

அத்தான் விடவில்லை. பலகை பறந்தது. அட்டைப்பெட்டிக் குவியல் வாயைத் திறந்து அவரை விழுங்கிக்கொண்டது. ஓடிப்போய்ப் பெட்டிகளை விலக்கினோம். உள்ளே மல்லாந்து கிடந்தார். ஒரு கீறலும் இல்லை. இரண்டு கையும் இன்னும் குழாயைப் பிடித்திருந்தன.

“ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை” என்றார்.

அக்கா திரும்பி வேனை நோக்கி நடந்தாள்.

“ஏய், இன்னொரு தடவைடி!”

“வேண்டாம். பார்த்தாச்சு.”

“கை தானாப் புடிச்சுக்குது. நான் என்ன பண்ணட்டும்?” அவர் எழுந்து நொண்டிக்கொண்டே பின்னால் போனார். “கயிறு இழுத்தா புடின்னுதான் பழக்கியிருக்கேன். வேணும்னா நீ புடிச்சுப் பாரு, தெரியும்.”

அக்கா நின்றாள். “என்ன பெரிய வித்தை? விடுறதுக்குப் படிச்சிட்டு வரணுமா? கொடுங்க இப்படி.”

தலைமுடியை முடிந்தாள். தலைக்கவசத்தை மாட்டினாள். மகள், “அம்மா, முழங்காலை மடக்கி நில்லு” என்று சொல்லி முடிப்பதற்குள் பாயைத் தூக்கிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே துணியை விரிக்கிற, இழுக்கிற, நீவுகிற கை. பாய் உடனே சொன்னபடி கேட்டது. நேராகப் போனாள். சந்து வந்தது. காற்று வந்தது.

“விடும்மா!”

அக்கா விடவில்லை.

அத்தான் ஓட ஆரம்பித்தார். கால் கூடியதற்குப் பிறகு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. “விடு! விடுடி! அடியே, விட்டுத் தொலை!”

“முடியலைங்க!” என்று அலறினாள் அக்கா. “கை வர மாட்டேங்குது!”

பலகை திசை மாறி மைக்கை நோக்கிப் போனது. நிரந்தரம் தன்னைவிடப் பெரிய தன் ஒற்றைக் கண் தன்னை நோக்கி விரைந்து வருவதைப் பார்த்தார். ஒரு கணம் அதற்கு வணக்கம் சொல்லலாமா என்று யோசித்ததுபோல் தெரிந்தது. பிறகு வேட்டையில் துரத்தப்பட்டவர்போல் ஓடினார். அவர் தன் இடத்தை விட்டு நகர்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“விடு தங்கம்!” என்றார் அத்தான், மூச்சு வாங்க.

அக்காவின் கை திறந்தது. பாய் தரையில் படுத்தது. பலகை இரண்டு ஆள் தூரம் உருண்டு நின்றது. அத்தான் வந்து சேர்ந்தபோது அக்கா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ‘தங்கம்’ எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நானும் மகளும் கேட்காததுபோல் இருந்துவிட்டோம்.

“விட வரலைங்க” என்றாள் அக்கா. “எல்லாரும் கத்தினீங்க. புரியுது. ஆனா கை கேக்க மாட்டேங்குது. உங்க குரல் கிட்ட வந்தப்புறம்தான் கேட்டுச்சு.”

“ம்.”

“அன்னைக்கு உங்களுக்குக் கீழே இருந்து யாருமே விடுன்னு சொல்லலைல்ல? இவர் ஒருத்தர்தான் கத்தியிருக்கார்.” மைக் இருந்த பக்கம் முகவாயால் காட்டினாள். “நான் கடையில இருந்தேன்.”

“நீ இருந்திருந்தா மட்டும்?”

“விடச் சொல்லியிருப்பேன்.”

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நேராகப் போய்ச் சந்துக்கு முன்னால், மைதானத்தின் நடுவில் நின்றாள். “ஏறுங்க. நான் சொல்றப்ப விடணும். வேற எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது.”

அத்தான் மறுபடி ஏறினார். பாய் புடைத்தது. பலகை ஓடி வந்தது. சந்துக் காற்று துணியில் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“விடுங்க!” என்றாள் அக்கா. பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும்.

“விடா...” என்று தூரத்திலிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது.

அத்தான் விட்டார். முகம், மீசை, ஸ்டிக்கர்கள் எல்லாம் தரையில் சாய்ந்தன. பலகை நின்றது. அவர் வெறும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காற்றில் நீட்டியபடியே நின்றார்.

“இன்னொரு தடவை” என்றாள் அக்கா.

வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தார். மகள் தன் பலகையைத் திரும்பக் கேட்டபோதுதான் நிறுத்தினார்.

அடுத்து வந்த வேலை ஒரு செருப்புக் கடைக்கு. அத்தான் ஏணியில் ஏறினார். அக்கா அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து கீழே நின்றாள். இடது மூலை கட்டியாயிற்று. வலது மூலைக் கயிற்றை முடிச்சுப் போடப் போகும் நேரத்தில் துணி லேசாக அசைந்தது.

“விடுங்க!”

“காத்து இல்லடி, பஸ் போகுது!”

“எதுவா இருந்தா என்ன? விடுங்கன்னா விடுங்க!”

செருப்புக் கடைக்காரர் வாயைத் திறந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

அத்தான் விட்டார். துணியின் வலது பக்கம் கீழே வந்தது. அவர் மேலேயே நின்றார்.